மறதி நோய் மரபணு இருந்தால் மூளை இப்போது என்ன செய்கிறது? – கேள்வி பதில்

நினைவு வேலை செய்யும் நேரத்தில் மூளையை எம்ஆர்ஐயில் படமெடுத்து அலசுவது என் தொழில். நான் மருத்துவர் இல்லை, அதனால் மருந்துச் சீட்டுகளை அனுப்ப வேண்டாம். டிமென்ஷியாவுக்கான, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய்களுக்கான, மரபணு ஆபத்து இருந்தும் இன்றைக்கு எந்தக் குறையும் இல்லாதவர்களின் மூளை பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொங்குக்காரி: அக்கா, அம்மாவுக்கு 68 வயதில் அல்சைமர் வந்தது. எனக்கு 41, ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மரபணு எனக்கும் இருந்தால் மூளை இப்போதே வேறு மாதிரி வேலை செய்யுமா?

பதில்: சராசரியாகப் பார்த்தால் ஆமாம். அந்தச் 'சராசரி'யை மறந்துவிடாமல் மேலே படியுங்கள். நீங்கள் சொல்வது ஏபிஓஇ என்ற மரபணு. கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை உண்டாக்குவது. 2, 3, 4 என்று மூன்று வகை உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே 3தான். 4ஆம் வகைக்கும் முதுமையில் வரும் அல்சைமருக்கும் தொடர்பு இருப்பதை 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழு காட்டியது. ஒரு 4 இருந்தால் ஆபத்து சுமார் மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்பது ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் சொல்லும் கணக்கு. 4 இருந்தும் நோய் வராதவர்கள் நிறையப் பேர், 4 இல்லாமலே வந்தவர்களும் நிறையப் பேர்.

இனி மூளை. 1996இல் அரிசோனாவில் எரிக் ரைமன் குழு, இரண்டு 4 உள்ள, 50 முதல் 65 வயது வரையிலான, நினைவில் குறை எதுவும் இல்லாதவர்களை, மூளை குளுக்கோஸைச் செலவிடுவதைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் எந்தப் பகுதிகள் குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொள்ளுமோ, அதே பகுதிகள் இவர்களுக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டன. 2004இல் 20 முதல் 39 வயதுக்காரர்களிடமும் இதைக் கண்டார்கள். ஆனால் 2000இல் லாஸ் ஏஞ்சலஸில் சூசன் புக்ஹைமர் குழுவுக்குக் கிடைத்தது நேர் எதிர் போலத் தெரியும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சொல் ஜோடிகளை மனப்பாடம் செய்யச் சொல்லி எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்யும்போதே எடுக்கும் எம்ஆர்ஐ) எடுத்தார்கள், 4 உள்ளவர்கள் 16 பேர், இல்லாதவர்கள் 14 பேர். 4 உள்ளவர்களின் ஹிப்போகேம்பஸும் (புது நினைவுகளைப் பதிய வைக்கும் பகுதி) நெற்றிப்புறப் பகுதிகளும் அதிகமாக இயங்கின. இரண்டு ஆண்டு கழித்து அவர்களில் சிலரை மறுபடி சோதித்தபோது, முதலில் யாருக்கு அதிகம் இயங்கியதோ அவர்களுக்குத்தான் நினைவு அதிகம் சரிந்திருந்தது. ஓய்வில் எரிபொருள் குறைவாகச் செலவாகும் மூளை, பாடம் படிக்கும்போது மட்டும் கூடுதலாக இயங்குகிறது என்றால் ஏன்? என்னை இந்தத் துறைக்குள் இழுத்த கேள்வி இதுதான்.

இரவுப்பணி: அப்போ எஃப்எம்ஆர்ஐ எடுத்தால் எனக்கு ஆபத்து இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடுமா?

பதில்: தெரியாது. மேலே சொன்னவை எல்லாம் ஒரு கூட்டத்தின் சராசரிக்கும் இன்னொரு கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். தனி ஆட்களாக எடுத்தால் இரண்டு கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும்.

பழைய வாத்தியார்: நான் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இதில் மர்மம் என்னம்மா இருக்கிறது? மூளையில் ஒரு இடம் பலவீனமாகும்போது மற்ற இடம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுகிறது. நல்ல விஷயம்தானே?

பதில்: பல வருடம் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம் சார், இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. 2009இல் ஆக்ஸ்போர்டில் 20 முதல் 35 வயதுக்காரர்களைப் பார்த்தார்கள். அந்த வயதிலேயே 4 உள்ளவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் கூடுதலாக இயங்கியது. நோய் வருவதற்கு நாற்பது வருடம் முன்னால் எதை ஈடுகட்டுகிறது?

சும்மாதான்: எனக்கு 29 வயது, வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் மறக்கிறது. இது ஆரம்பமா?

பதில்: இல்லை. நன்றாகத் தூங்குங்கள்.

பழைய வாத்தியார்: விடமாட்டேன். இளைஞர்கள் இரு தரப்பும் சம மதிப்பெண் வாங்குகிறார்கள் அல்லவா? அந்தச் சமத்துக்குக் காரணமே அந்தக் கூடுதல் உழைப்பாக இருக்கலாமே.

பதில்: நல்ல வாதம். உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கும் ஒன்றை நானே தருகிறேன். 2015இல் ஜெர்மனியில் இளைஞர்களைக் கணினியில் ஒரு கற்பனை மைதானத்துக்குள் நடக்கவிட்டு, பொருள்கள் இருந்த இடத்தை நினைவில் வைக்கச் சொன்னார்கள். 4 உள்ளவர்களின் மூளையில் இடம் குறிக்கும் ஒருவகைச் சமிக்ஞை மங்கியிருந்தது, கூடவே ஹிப்போகேம்பஸ் இயக்கம் கூடியிருந்தது. ஈடுகட்டுவது போலத்தான் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே ஆக்ஸ்போர்டு ஆய்வில் எந்தப் பணியும் கொடுக்காமல் சும்மா படுத்திருக்கும்போதும் 4 உள்ளவர்களின் மூளையில் ஒரு வலைப்பின்னல் கூடுதலாக ஒத்தியங்கியது. சும்மா படுத்திருப்பவருக்கு ஈடுகட்ட என்ன வேலை? அடுத்தது, நரம்பு செல்கள் அதிகம் இயங்கினால், அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் செல்களிலிருந்து அதிகம் வெளியேறுகிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். முக்கியமானது 2012இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செய்தது. லேசான நினைவுக் குறை தொடங்கிவிட்டவர்களுக்கு லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்து அந்த மிகை இயக்கத்தைத் தணித்தபோது, நினைவுச் சோதனையில் அவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். ஈடுகட்டும் உழைப்பாக இருந்தால், அதைக் குறைத்ததும் நினைவு கெட்டிருக்க வேண்டுமே! ஆனாலும் பின்னால் நடந்த நீண்ட சோதனையில் முக்கிய அளவுகோலில் உறுதியான பலன் கிடைக்கவில்லை. எனவே தயவுசெய்து யாரும் வலிப்பு மாத்திரையைத் தேடிப் போகாதீர்கள்.

கணக்கர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எஃப்எம்ஆர்ஐ பார்ப்பது ரத்தத்தைத்தானே, நரம்பை இல்லையே?

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அது அளப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை, நரம்பின் வேலையை அதிலிருந்து ஊகிக்கிறோம். ஏபிஓஇ4, அதாவது அந்த 4ஆம் வகை, ரத்த நாளங்களையும் பாதிக்கும் என்பதால் வித்தியாசத்தில் ஒரு பங்கு நாளங்களுடையதாக இருக்கலாம். வாத்தியார் சாரும் நானும் போட்ட சண்டை முழுவதற்கும் இது பொருந்தும்.

மல்லிகை: எஃப்எம்ஆர்ஐ எங்கே எடுக்கலாம், எவ்வளவு ஆகும்?

பதில்: எடுக்க வேண்டாம். இரவுப்பணிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நெல்லையன்: வல்லாரை சாப்பிட்டால் ஏபிஓஇ4 சரியாகுமா?

பதில்: மரபணு மாறாது. கீரை பிடித்தால் சாப்பிடுங்கள்.

கொங்குக்காரி: அக்கா, எச்சிலை அனுப்பினால் மரபணு சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றனவே, அதைச் செய்யட்டுமா?

பதில்: இதில் அவசரப்படாதீர்கள். தெரிந்துகொண்ட பிறகு தெரியாமல் ஆக்க முடியாது. டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் தன் முழு மரபணுத் தொகுதியையும் வெளியிடச் சம்மதித்தபோது, இந்த ஒன்றை மட்டும் தனக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆலோசனையோடு முடிவைச் சொன்னால் பெரும்பாலோருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ கூடவில்லை என்று வந்தது, அது ஆறுதல். ஆனால் 2014இல் வந்த ஆய்வில், 4 இருப்பதை அறிந்த முதியவர்கள், இருந்தும் அறியாதவர்களைவிட நினைவுச் சோதனையில் குறைவாகச் செய்தார்கள். மரபணு ஒன்றேதான், தெரிந்ததுதான் வித்தியாசம். மேலும் உங்களுக்கு இரண்டு 4 என்று வந்தால் உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு 4 நிச்சயம், அவர்களைக் கேட்காமலே அவர்களுடைய முடிவையும் தெரிந்துகொள்கிறீர்கள். மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள், தனியாக வேண்டாம்.

கடலோரம்: ஐரோப்பியர் கணக்கு நமக்குப் பொருந்துமா?

பதில்: அப்படியே பொருந்தாது. நைஜீரியாவின் இபாடானில் யொருபா மக்களிடம் 4இன் தாக்கம் மிகக் குறைவு, ஜப்பானியரிடம் ஐரோப்பியரைவிட அதிகம். ஹரியானாவின் பல்லப்கரில் செய்த ஆய்வில் 4 வகையே அமெரிக்க ஒப்பீட்டுக் கூட்டத்தைவிடக் குறைவாக இருந்தது. நான் மேலே சொன்ன மூளைப் பட ஆய்வுகளும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை.

தாமரை: அல்சைமருக்கான புது ஊசி மருந்து லெக்கனெமாப் எடுக்கலாமா?

பதில்: நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு 4 உள்ளவர்களுக்கு மூளை வீக்கம், ரத்தக் கசிவு ஆபத்து கூடுதல் என்பதை அவரிடம் கட்டாயம் பேசுங்கள்.

வெயில்: ஸ்கேன் எடுத்தால் முன்கூட்டியே...

பதில்: மூன்றாவது முறை. முடியாது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

மூத்தமகன்: அம்மா 76, தாத்தாவுக்கு மறதி நோய் இருந்தது. அம்மாவுக்குப் பிரஷர் உண்டு, காதும் சரியாகக் கேட்பதில்லை, மெஷின் வைக்க மறுக்கிறார். மரபணுச் சோதனை செய்யலாமா?

பதில்: சோதனை இருக்கட்டும், முதலில் காது. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் மாற்றக்கூடிய ஆபத்துகள் என்று 14ஐச் சொன்னது, எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. பிரஷரும் காதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2023இல் 70 முதல் 84 வயதினரிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில் காது மெஷினால் மொத்தக் கூட்டத்துக்குப் பலன் தெரியவில்லை, ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவினருக்கு மூன்று ஆண்டில் அறிவாற்றல் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அம்மா ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள். மெஷினைச் சரியாகப் பொருத்தாமல் விட்டால் இரைச்சல் தாங்காமல் பலர் கழற்றிவிடுகிறார்கள், மறுபடி அழைத்துப் போய் அளவைத் திருத்தச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை நாள் தவறாமல் போகிறதா என்பதையும் பாருங்கள்.