எரிவாயு ஆலை கூட்டு நிறுவனத்தில் உற்பத்திக் கணிப்பு ஓயாமல் தவறுகிறது. பங்காளிகளுக்குள் தகராறு. எப்படித் தீர்ப்பது?

எரிவாயு வயலை நடத்தும் பங்காளி (ஆபரேட்டர்) தரும் கணிப்பை நம்பித்தான் ஆலையின் கொள்ளளவை ஒதுக்குகிறீர்கள், வருவதோ எப்போதும் குறைவு என்கிறீர்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை. வக்கீலைப் பார்க்கப் போகும் முன் ஒன்றைக் கேளுங்கள்: உங்களுக்குக் கொடுத்தது எந்த எண்?

பொறியாளர்கள் பெரும்பாலும் பி50-ஐத்தான் தருவார்கள். அதாவது, உற்பத்தி அதற்கு மேலே போகவும் கீழே போகவும் சமவாய்ப்பு. அதை வணிகப் பிரிவு அப்படியே எடுத்து உறுதியளித்த அளவாக ஒப்பந்தத்தில் எழுதிவிடும். பாதி நேரம் குறையத்தானே செய்யும்? உறுதி கொடுப்பதென்றால் பி90-ஐ, அதாவது உற்பத்தி அதை எட்டவோ தாண்டவோ 90 சதவீத வாய்ப்புள்ள அளவை, ஒட்டிய எண் வேண்டும். ஆலை, கம்ப்ரசர் நிற்கும் நாட்களைக் கழித்தார்களா என்றும் பாருங்கள். நாளுக்கு 100 அலகு என்பது 92 சதவீத இயக்கத்தில் 92தான்.

அடுத்து சரிவு வளைகோடு, அதாவது கிணற்றின் உற்பத்தி காலப்போக்கில் எப்படிக் குறையும் என்று காட்டும் கோடு. இதற்கு ஆர்ப்ஸ் என்ற பொறியாளர் 1945-இல் வெளியிட்ட சமன்பாட்டையே இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். புதுக் கிணற்றின் சில மாதத் தரவை வைத்து, சரிவு வேகம் எப்படித் தணியும் என்பதைத் தீர்மானிக்கும் அடுக்கெண்ணை 1-க்கு மேல் பொருத்தி, சரிவு வேகத்துக்கு அடிவரம்பும் வைக்காமல் விட்டால், காகிதத்தில் அந்தக் கிணறு வற்றவே வற்றாது, மொத்த உற்பத்தி முடிவிலிக்குப் போகும். அந்த எக்செல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். முடிவை மட்டும் பிடிஎஃப்பாக அனுப்பினால் ஏற்காதீர்கள்.

பிறகு பழைய கணிப்புகளை, தந்த தேதியோடு, மீட்டர் அளவுகளுக்கு எதிரே வையுங்கள். பிழை இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தால் அது நிலத்தடியின் இயல்பு. அதற்குச் சகிப்பு வரம்பு போதும், கிட்டத்து மாதங்களுக்குக் குறுகலாக, தூரத்து மாதங்களுக்கு அகலமாக. ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் கணிதத்தில் தேடாதீர்கள், ஒப்பந்தத்தில் தேடுங்கள். கூடுதலாகச் சொன்னால் கொள்ளளவு இலவசமாகக் கிடைக்கும் என்றால் யார்தான் குறைத்துச் சொல்வார்? ஒதுக்கிய அளவுக்கு அனுப்பாவிட்டாலும் கட்டணம் உண்டு, பின்னால் கூடுதலாக அனுப்பி ஈடுகட்டலாம், தேவைப்படாத கொள்ளளவை முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால் சலுகை என்று திருத்தி எழுதினால் கணிப்பு தானாக ஒழுங்குக்கு வரும். என் அனுபவத்தில் நஷ்டஈட்டுச் சண்டையைவிட இந்தத் திருத்தம்தான் பலன் தருகிறது.

நஷ்டஈடு கேட்பது கடினமும்கூட. இத்தகைய கூட்டு இயக்க ஒப்பந்தங்கள் பலவற்றில் கடும் அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தவறோ இருந்தால்தான் ஆபரேட்டர் மீது பொறுப்பு விழும். கணிப்பு தப்பியது என்பது மட்டும் அந்த அளவுக்குப் போகாது.

அப்படியும் முடியவில்லை என்றால் தகராறை இரண்டாகப் பிரியுங்கள். ‘நியாயமான கணிப்பு எவ்வளவு’ என்பதற்கு இரு தரப்பும் ஏற்கும் சுதந்திரமான ரிசர்வாயர் பொறியாளர், அதாவது நிலத்தடி எரிவாயுத் தேக்கத்தை ஆராயும் நிபுணர். ‘யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும்’ என்பதற்கு நடுவர் மன்றம். நிபுணர் முடிவு கட்டுப்படுத்தும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், 1958 நியூயார்க் உடன்படிக்கையின் கீழ் வெளிநாட்டில் அமல்படுத்தக்கூடியது நடுவர் தீர்ப்பைத்தான். பங்காளியின் சொத்து வேறு நாட்டில் இருந்தால் இது முக்கியம்.

இதெல்லாம் நடக்கும்போது தகராறில்லாத தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள், எரிவாயு ஓட்டத்தையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று வழக்கு உங்கள் பக்கம் திரும்பும்.