நான் கண்ணயர்ந்தால் படகு என்னவாகும்?

அன்புள்ள அக்காவுக்கு,

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஒரு மீனவ ஊரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 34. மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. என் வீட்டுக்காரர் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் தொழில் செய்கிறார். ஒருமுறை போனால் முப்பது, நாற்பது நாள் கழித்துத்தான் கரை.

2017-இல் ஒக்கிப் புயலில் என் தம்பி போய்விட்டான். அப்போது அவனுக்கு வயது 22. உடல் கிடைக்கவில்லை. அம்மாவிடம் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். கரை ஒதுங்கிய எந்த உடலோடும் ஒத்துப்போகவில்லை. வேறொரு படகில் இருந்த என் வீட்டுக்காரர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, ஆறாம் நாள் லட்சத்தீவில் கரை சேர்ந்தார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். நவம்பர் 29, புதன்கிழமை இரவு, ஒரு வயது மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே செபமாலை சொன்னேன். மூன்றாவது மறைபொருளில் அப்படியே தூங்கிவிட்டேன். விடிந்தபோது தென்னைகள் முறிந்து கிடந்தன. அன்று மீனவராக இருந்த திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். அந்த நாளிலா கடவுள் என் தம்பியை விட்டார் என்று இன்றும் கேட்கிறேன்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் கடலில் இருக்கும் நாளெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. செபமாலை முடிந்ததும் இன்னொன்று தொடங்குவேன். நடுவில் கவனம் சிதறினால் முதலிலிருந்து சொல்வேன். நான் கண்ணயர்ந்தால் படகு கவிழ்ந்துவிடும் என்று தோன்றுகிறது. காற்றுச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப்போகிறது. போனில் வானிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது என் மகளும் போனைக் கையில் பிடித்தபடி தூங்குகிறாள்.

செபக்கூட்டத்தில் ஒருவர், “இயேசு படகில் இருக்கும்போது எதற்குப் பயம்? உனக்கு விசுவாசம் போதவில்லை” என்றார். அதே கூட்டத்தில்தான், வீட்டுக்காரர் தப்பி வந்ததற்குச் சாட்சி சொல்லச் சொல்லி முன்பு என்னை நிறுத்தினார்கள். முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்க முடியவில்லை. அவரைக் காப்பாற்றினவர் என் தம்பியை ஏன் காப்பாற்றவில்லை? கடவுளை நம்பினால் சமாதானம் வரும் என்கிறார்கள். நான் நம்புகிறேன். சமாதானம்தான் வரவில்லை. என் நம்பிக்கையில் என்ன குறை, அக்கா?

இப்படிக்கு,
கடலோரத்துச் சகோதரி


அன்புத் தங்கைக்கு,

நீங்கள் செபமாலையில் தூங்கியதால் உங்கள் தம்பி சாகவில்லை. மற்றதையெல்லாம் எழுதும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இலங்கைக்கு அருகே உருவான தாழ்வழுத்தம், கன்னியாகுமரிக் கடலுக்கு வந்ததும் மிகக் குறைந்த நேரத்தில் புயலாக வலுத்தது. பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களை எச்சரிக்கை நேரத்துக்கு எட்டவில்லை. இதற்குள் காற்றும் இருந்தது, மனிதர்கள் செய்திருக்க வேண்டியதும் இருந்தது. ஒரு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு களைப்பில் கண் மூடிய 26 வயதுத் தாய் இதில் எங்கே வருகிறாள்? அந்த இரவு செபமாலையை முழுவதும் சொல்லி முடித்த எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளும் திரும்பவில்லையே.

சிறுமலர் என்று நாம் அழைக்கும் புனித தெரசம்மாள் செபத்தில் அடிக்கடி தூங்கிவிடுவாராம். அதற்காக அவர் கலங்கவில்லை. விழித்திருக்கும் பிள்ளையைப் போலவே தூங்கும் பிள்ளையும் பெற்றவர்களுக்குப் பிரியம்தான் என்று தன் வரலாற்றில் எழுதினார். ஒரு துறவி தனக்குச் சொல்லிக்கொண்ட இந்த ஆறுதல், பால் கொடுத்துக்கொண்டே செபித்த உங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இனி உங்கள் மனதில் நடப்பதைப் பார்ப்போம். பேரிழப்பு நேரும்போது மனது காரணம் தேடும். காரணம் இல்லாத உலகத்தைவிட ‘என் தப்புதான்’ என்கிற உலகம் அதற்குப் பரவாயில்லை. தப்பு என்னுடையது என்றால், அடுத்த தடவை நான் அதைச் செய்யாமல் இருந்தால் போதுமே! நீங்களும் தூங்காமல் இருந்துவிட்டீர்கள். அவர் பத்திரமாகக் கரை சேர்ந்தார். ‘பார்த்தாயா, விழித்திருந்ததால்தான் வந்தார்’ என்று மனது கணக்கு எழுதிக்கொண்டது. ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தக் கணக்கு கூடிக்கொண்டே போகிறது. வானிலை பார்ப்பதும் அப்படித்தான். பார்த்ததும் கொஞ்ச நேரம் நெஞ்சு ஆறும், பிறகு மறுபடி பார்க்கச் சொல்லும். பயத்துக்குத் தீனி போடப் போட அது பசித்துக்கொண்டே இருக்கும்.

இதில் எனக்கு வருத்தம் தருவது செபத்துக்கு நேர்ந்த கதிதான். அன்னை மரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற செபம், உங்களுக்கு இரவுக் காவல் வேலையாகிவிட்டது. செபமாலையில் ஒரு மணி தவறினால் தண்டனை. இஸ்ரயேலைக் காக்கிறவர் கண்ணயர்வதுமில்லை, உறங்குவதுமில்லை என்று 121-ஆம் திருப்பாடலில் பாடுகிறோமே, அந்தக் காவல் அவருடைய வேலை. அவருடைய இடத்தில் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். பெருமையால் அல்ல, பாசத்தாலும் பயத்தாலும். அதனால்தான் கால் இப்படிக் கடுக்கிறது.

அந்தச் செபக்கூட்டத்தில் ஒருவர் சொன்ன பகுதியை நாமும் வாசிப்போம். மாற்கு நான்காம் அதிகாரம். படகில் இருந்தவர்களில் சிலர் கலிலேயக் கடலிலேயே பிழைத்த மீனவர்கள். அவர்களே அலறினார்கள் என்றால் அலை எப்படியிருந்திருக்கும்? ‘நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா’ என்று ஆண்டவரையே கடிந்துகொண்டார்கள். அவர் எழுந்து முதலில் காற்றைக் கடிந்தார். அதன் பிறகுதான் ‘ஏன் அஞ்சுகிறீர்கள்’ என்று கேட்டார். மத்தேயு இந்த வரிசையை மாற்றி, கேள்வியை முன்னால் எழுதுகிறார். ஆனால் அங்கும் பயந்தவர்களை இறக்கிவிட்டு ஆண்டவர் கரை சேரவில்லை. குறைந்த விசுவாசத்தோடு கத்தினவர்களும் அதே படகில்தான் கரைக்கு வந்தார்கள். கெத்சமனியில் ஆண்டவரே திகிலும் மனக்கலக்கமும் கொண்டார் என்று அதே மாற்கு எழுதியிருக்கிறார். பயம் வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று யாராவது சொன்னால், அந்த ஒலிவத்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘அவரை ஏன் காப்பாற்றினார், இவனை ஏன் விட்டார்’ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நீங்கள் குறிப்பிட்ட அந்திரேயாவும் தப்பிக்கவில்லை. சிலுவையில் அறையப்பட்டு இறந்தார் என்பதே திருச்சபையின் மரபு. வானதூதர்கள் உன்னைக் கைகளில் தாங்குவார்கள் என்ற 91-ஆம் திருப்பாடலை, ‘குதித்துப் பார், ஒன்றும் ஆகாது’ என்ற அர்த்தத்தில் எடுத்துக்காட்டியது பாலைநிலத்தில் இயேசுவைச் சோதித்த சாத்தான். இயேசு அதை ஏற்கவில்லை. ஆகவே, கடவுளை நம்பினால் படகு கவிழாது என்று நான் உங்களுக்கு எழுத மாட்டேன். சாவின் நிழல் விழுந்த பள்ளத்தாக்கிலும் அவர் கூடவே நடக்கிறார் என்பதுதான் 23-ஆம் திருப்பாடல் தரும் பாதுகாப்பு. உங்கள் தம்பி இருந்த அந்த நடுக்கடலிலும் அவர் இல்லாமல் போகவில்லை என்று நான் நம்புகிறேன். நிரூபிக்க முடியாது. ஆனால் முழு மனதோடு நம்புகிறேன்.

சாட்சி சொல்ல நின்றபோது வாய் திறக்க முடியவில்லை என்றீர்கள். அம்மாவின் முகம் பார்த்து அடங்கிய அந்த வாயில் அன்பு இருந்தது, அவிசுவாசம் இல்லை. நன்றி சொல்வதும் உண்மைதான், புலம்புவதும் உண்மைதான். 88-ஆம் திருப்பாடலைத் திறந்து பாருங்கள். ஆறுதல் வசனம் எதுவுமில்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் இறைவார்த்தைதான். அடுத்த முறை யாராவது நிறுத்தினால், “இப்போது முடியாது, எங்கள் இருவருக்காகவும் செபியுங்கள்” என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம்.

உடல் கிடைக்காத சாவு தனி வகைத் துயரம். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப உளவியலாளர், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பழகி, 1970-களில் இதற்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் ‘தெளிவில்லா இழப்பு’ எனலாம். இருக்கிறானா, இல்லையா என்ற இரண்டுக்கும் நடுவில் மனது தொங்கிக்கொண்டே இருக்கும். அழுது முடிக்கவும் முடியாது, காத்திருந்து முடிக்கவும் முடியாது. நீங்கள் எட்டு வருடமாக மீளவில்லை என்றால், துக்கத்தில் நிற்பதற்கு உங்களுக்கு ஓர் இடமே கிடைக்கவில்லை என்று அர்த்தம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று எல்லோரும் கல்லறைக்கு மெழுகுதிரி எடுத்துப்போகும்போது நீங்களும் அம்மாவும் எங்கே போகிறீர்கள்? பங்குத்தந்தையிடம் கேட்டு அவன் பெயரில் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். அம்மாவும் நீங்களும் கடற்கரைக்குப் போய் அவன் பெயரைச் சொல்லி அழுங்கள். இருவரும் தனித்தனியாக அடக்கிவைத்திருப்பதை ஒரு தடவையாவது சேர்ந்து அழுதால் நல்லது.

இரவுகளுக்கு என்ன செய்யலாம்? மகளோடு சேர்ந்து ஏழரை மணிக்கு ஒரு செபமாலை. ஒன்றுதான். கவனம் சிதறினாலும் திரும்பத் தொடங்காதீர்கள், விட்ட இடத்திலிருந்து போங்கள். முடிந்ததும் ‘உம் கையில் ஒப்படைக்கிறேன்’ என்று சொல்லி வீட்டுக்காரரையும், படகில் உள்ள மற்றவர்களையும் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். 31-ஆம் திருப்பாடலில் உள்ள இந்த வார்த்தையைத்தான் இயேசு சிலுவையில் சொன்னார். திருச்சபை ஒவ்வொரு இரவும் தன் இரவுச் செபத்தில் சொல்கிறது. சொன்ன பிறகு செபமாலையை எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். நடுராத்திரி விழிப்பு வந்தால் புதிதாக ஒன்று தொடங்க வேண்டாம். மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி அந்த ஒரே வரி போதும். முதல் சில இரவுகளில் பயம் இன்னும் கூடும். ‘இன்றைக்குச் சொல்லாமல் விட்டாயே’ என்று மிரட்டும். அது மிரட்டட்டும், நீங்கள் எழுந்திருக்காதீர்கள்.

வானிலையை மாலையில் ஒருமுறை பாருங்கள். நம்பிக்கை இருக்கிறதே என்று அதையும் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். படகில் செயற்கைக்கோள் வழித் தகவல் கருவி வேலை செய்கிறதா, உயிர்காப்பு மேலாடை ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என்று அவர் கரையில் இருக்கும்போதே கேளுங்கள். அவசரமென்றால் வீட்டுக்கு யார் கூப்பிடுவார் என்று படகு உரிமையாளரிடம் பேசி வையுங்கள். அந்த அழைப்பு மணி கேட்கும் தூரத்தில் போன் இருந்தால் போதும், கையில் வேண்டாம். மகள் கையிலும் வேண்டாம்.

நெஞ்சுப் படபடப்பு, மூச்சுமுட்டல், கை மரப்பு ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாத்திரை கொடுத்தால் தயங்காமல் சாப்பிடுங்கள். பவுலின் கூட்டாளி லூக்கா ஒரு மருத்துவர்தான்.

பவுல் என்றதும் நினைவுக்கு வருகிறது. திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தைக் கடலோரத்துப் பெண்ணான நீங்கள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள். பதினான்கு நாள் புயல். 276 பேர். பாறையில் மோதிவிடுமோ என்று பயந்து, பின்புறத்தில் நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, விடியாதா என்று காத்திருந்தார்கள். விடியும் வேளையில் பவுல் எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். ரொட்டியை எடுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டு, தானும் சாப்பிட்டார். அப்போதும் புயல் ஓயவில்லை, கப்பலும் பிறகு உடைந்துதான் போனது. நீங்களும் வீட்டுக்காரர் கடலில் இருக்கும் நாட்களில் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் தம்பி இறந்த இரவுதான் இருக்கிறது. அவன் வாழ்ந்த 22 வருடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்ன பாட்டுப் பாடுவான், உங்களிடம் எதற்கெல்லாம் சண்டை போட்டான், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுத்தான்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா