சின்ஸா, ஃபாரா? வாசகர்களின் ஆங்கிலச் சந்தேகங்கள்

கேள்வி: ‘மூன்று வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். தவறு என்றார்கள். எங்கே தவறு?

பதில்: ஒன்றல்ல, இரண்டு இடங்களில். முதலாவது வினைச்சொல். தமிழில் ‘பார்க்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே முடித்துவிடலாம். ‘வருஷமாக’ என்பதே மீதியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. முன்பு தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வேலை என்பதை வினைச்சொல்லே காட்டியாக வேண்டும்: ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’. ஹீ, ஷீ, இட் வந்தால் ‘ஹேஸ் பீன்’.

இரண்டாவது சின்ஸ். அதன் பின்னால் வர வேண்டியது தொடங்கிய நேரம்: சின்ஸ் 2021, சின்ஸ் மண்டே, சின்ஸ் திஸ் மார்னிங். (வெறும் ‘சின்ஸ் மார்னிங்’ நம்மிடையே சகஜம், ‘திஸ்’ சேர்ப்பதுதான் சரி.) எவ்வளவு காலம் என்ற அளவைச் சொன்னால் ஃபார்: ஃபார் த்ரீ இயர்ஸ், ஃபார் டூ அவர்ஸ். குழப்பம் வந்தால் அந்தச் சொல்லோடு ‘முதல்’ சேர்த்துப் பாருங்கள். ‘திங்கள் முதல்’ ஒட்டுகிறது, எனவே சின்ஸ். ‘மூன்று வருஷம் முதல்’ ஒட்டவில்லை, எனவே ஃபார்.

ஆக, ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’. ஆனால் விட்டுவிட்ட வேலையைப் பற்றி இப்படிச் சொல்லிவிடாதீர்கள், இன்னும் அங்கேயே இருப்பதாக அர்த்தமாகிவிடும். அதற்கு ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ போதும். இன்னொன்று: நோ, லைக், பிலீவ் போன்ற வினைகள் இந்த ‘இங்’கை ஏற்பதில்லை. ‘பத்து வருஷமாக அவரைத் தெரியும்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’.

கேள்வி: ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ சரியா?

பதில்: இல்லை. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 என்று முடிந்துபோன நேரம் ஒன்றைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வெளியேற வேண்டும்: ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’. ‘நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்றால் தமிழிலேயே காதில் உறுத்துகிறதல்லவா, அதே உறுத்தல்தான். எப்போது என்று சொல்லாமல் ‘அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்றால் மட்டும் ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’. ‘வென்’ என்று கேட்கும்போதும் இதே விதி: ‘வென் டிட் யூ சீ ஹிம்?’ இங்கே இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமக்கிறது. ‘டிட் யூ சா’ என்றால் ஒரே சுமை இரண்டு தலையில்.

கேள்வி: ‘வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்’ என்பதற்கு ‘வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. நமக்கு ‘வெள்ளிக்கிழமைக்குள்’, ‘இரண்டு நாளைக்குள்’ இரண்டுக்கும் ஒரே ‘உள்’. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. கெடு நாளைச் சொன்னால் பை: ‘ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே’. கால அளவைச் சொன்னால் வித்தின்: ‘வித்தின் டூ டேஸ்’. ‘வெள்ளிக்கிழமை வரை’ என்று ஒன்று தொடர்ந்து நடந்தால் அன்டில்: ‘ஐ வில் பி ஹியர் அன்டில் ஃப்ரைடே’. பை, அன்டில் இரண்டையும் மாற்றிப்போட்டால் சிக்கல். ‘சப்மிட் இட் பை ஃப்ரைடே’ என்றால் ஒரு தடவை கொடுத்தால் முடிந்தது. அங்கே ‘அன்டில்’ பொருந்தாது.

கேள்வி: ‘டிஸ்கஸ் அபவுட்’ தவறா?

பதில்: தவறு. ‘டிஸ்கஸ் த ப்ராப்ளம்’ போதும். பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் ‘எ டிஸ்கஷன் அபவுட் த ப்ராப்ளம்’.

கேள்வி: ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்று கேட்டவரிடம் ‘யெஸ்’ என்றேன். அவர் முகம் மாறி நகர்ந்துவிட்டார். ஏன்?

பதில்: ‘இங்கே உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபமா?’ என்பதுதான் அவருடைய கேள்வி. ‘ஆமாம்’ என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள்! உட்காரட்டும் என்றால் ‘நோ, நாட் அட் ஆல்’ அல்லது ‘நோ, கோ அஹெட்’. யெஸ்ஸா நோவா என்று சட்டென்று பிடிபடாவிட்டால் ‘ப்ளீஸ் டூ’ என்று சொல்லி இடத்தைக் கையால் காட்டிவிடுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தால் இன்னும் நல்லது.