கிரேக்கத் தீவுகளில் பழைய இடங்களைப் பார்க்க, நாமே வேலை செய்யும் பாய்மரப் படகில் போகலாமா? ஃபெரி என்ற பயணிகள் கப்பல் போதாதா? ஒன்றும் தெரியாதவர்கள் போகலாமா? இப்படிக் கேட்டிருந்தீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை இடம் பார்த்தோம் என்று கணக்கு வைப்பவர் என்றால் ஃபெரியில் போங்கள். பத்து நாளில் நாங்கள் உருப்படியாகப் பார்த்தது ஐந்து இடம்தான். அதே பத்து நாளில் ஃபெரியும் பஸ்ஸுமாகப் போகிறவர் இரண்டு மடங்கு பார்த்துவிடுவார், ராத்திரி நன்றாகத் தூங்குவார், உள்ளங்கையும் உரியாது. ஆனால் ஒரு கோயிலை ஏன் ஒரு கடல் முனையில் கொண்டுவந்து கட்டினார்கள், குடிக்கத் தண்ணீர்கூடச் சரியாக இல்லாத ஒரு துண்டுத் தீவில் ஏன் அவ்வளவு பணம் குவிந்தது என்பதெல்லாம் எனக்குப் புத்தியில் ஏறியது படகில் போனதால்தான்.

என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூர்க்காரன். தெரிந்தது கிணற்று நீச்சல். பாயைப் பற்றித் தெரிந்தது படுக்கும் பாய் மட்டும். என்னைப் போல ஒன்றும் தெரியாதவர்கள் போகலாமா என்று நீங்கள் கேட்டிருப்பதால் இது: போகலாம், ஸ்கிப்பரோடு, அதாவது படகை நடத்தும் தலைவரோடு. ஸ்கிப்பர் இல்லாமல் வெறும் படகை மட்டும் வாடகைக்கு எடுக்க உங்களில் ஒருவருக்காவது ஓட்டும் சான்றிதழ் வேண்டும், கூட அனுபவம் உள்ள இன்னொருவரும் வேண்டும். ஸ்கிப்பர் வந்தால் அந்தக் கவலை இல்லை. அவர் சாப்பாடு நம் கணக்கில், அது அங்கே வழக்கம். டீசல், துறைமுகக் கட்டணம், மளிகை எல்லாவற்றுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பொதுப் பணப்பை வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் படகில் ஸ்கிப்பரோடு எட்டுப் பேர், நானும் என் நண்பனும் தவிர மற்றவர்கள் முன்பின் தெரியாதவர்கள். ஜூன் மாதம். ஏதன்ஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் லாவ்ரியோ துறையில் சனிக்கிழமை சாயங்காலம்தான் படகைக் கையில் கொடுப்பார்கள். மதியமே வந்துவிட்டோம், சும்மா உட்கார முடியாமல் டாக்ஸி பிடித்துப் பக்கத்தில் தோரிகோஸ் போனோம். மிகப் பழைய கல் அரங்கங்களில் ஒன்று. அரைவட்டமாக இல்லாமல் யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டது போல நீளமாக இருக்கும். அதை ஒட்டியே மலைக்குள் சுரங்க வாய். இந்த வட்டாரத்து வெள்ளியைக் குடிமக்களுக்குப் பங்கு போடாமல் கப்பல் கட்டுவோம் என்று தெமிஸ்டோக்ளிஸ் என்ற ஏதன்ஸ் தலைவர் ஊர்க்காரர்களைச் சம்மதிக்க வைத்தது கி.மு. 483-இல். மூன்று வருடத்தில் சலாமிஸ் கடற்போரில் அந்தக் கப்பல்கள்தான் பாரசீகக் கடற்படையை உடைத்தன. அரங்கத்தில் அன்று நாங்கள் இரண்டு பேர், ஒரு பூனை. டிக்கெட் வாங்கிக் கூட்டத்தில் நகர்ந்த இடங்களைவிட இது மனதில் நின்றுவிட்டது.

படகில் 'நாமே வேலை செய்வது' என்றால் என்ன? சுக்கான், பாய்க் கயிறு, நங்கூரம், சமையல், எல்லாவற்றுக்கும் முறை போட்டு ஆள் உண்டு. பெரிய பாயை ஏற்றும்போது ஒருவர் பாய்மரத்தடியில் நின்று கயிற்றை இழுப்பார், இன்னொருவர் வின்ச்சை, அதாவது கயிற்றைச் சுற்றி இறுக்கும் உருளையை, கைப்பிடி போட்டுச் சுற்றுவார். காற்று கூடினால் பாயைப் பாதி இறக்கிக் கட்ட வேண்டும். காற்று கூடிய பிறகு அதைச் செய்வது வேதனை, கூடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்று ஸ்கிப்பர் தினமும் சொன்னார், நாங்கள் தினமும் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் செய்தோம். இரண்டாம் நாளே வின்ச் கைப்பிடியைக் கடலில் போட்டேன். டுபுக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முதல் ராத்திரி நங்கூரம் போட்டது சூனியோ முனைக்குக் கீழே. (பெயரைக் கேட்டு என் அம்மா முகம் சுளித்தார்.) மேலே பாறை உச்சியில் பொசைடன் கோயில், கி.மு. 440-ஐ ஒட்டிக் கட்டியது. ஏதன்ஸிலிருந்து பஸ்ஸில் வந்து சூரிய அஸ்தமனம் பார்த்து, தூணில் செதுக்கியிருக்கும் ஆங்கிலக் கவிஞர் பைரனின் பெயரைத் தேடிவிட்டுப் போவார்கள். நாங்கள் அதே முனையைக் கீழே கடலிலிருந்து சுற்றி வந்தோம். வடக்குக் காற்றில் அலை பக்கவாட்டில் அடித்துக்கொண்டே இருந்தது, என் வயிறு ஒரு நிலையில் இல்லை, முனையைத் தாண்டி வளைகுடாவுக்குள் திரும்பியதும் அலை அடங்கிவிட்டது, யாரோ சுவிட்சை அணைத்தது போல. நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே வெள்ளைத் தூண்கள். கடலின் சாமிக்கு இங்கே ஏன் கோயில் என்று அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏஜியன் கடல் பக்கமிருந்து ஏதன்ஸ் போகிற கப்பல் எல்லாம் இந்த முனையைச் சுற்றித்தான் ஆக வேண்டும். தானியக் கப்பல்களைக் காக்கவே கி.மு. 413-இல் இங்கே கோட்டைச் சுவர் எழுப்பினார்கள். டோரிக் என்ற கிரேக்கப் பாணித் தூணில் வழக்கமாக 20 பள்ளக் கோடுகள் இருக்கும், இங்கே 16தான். காலையில் ஏறிப்போய் எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்தது கித்னோஸ் தீவில் கொலோனா, ஒரு மணல் திட்டு, இரண்டு பக்கமும் கடல். பழைய இடம் எதற்காகவும் போகவில்லை, குளிக்கத்தான். பிறகு சிரோஸ் தீவில் ஒரு ராத்திரி, ஐஸ்கிரீம், குடிதண்ணீர் நிரப்பல். அங்கிருந்து ரினியா தீவு.

ரினியாவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். டெலோஸுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு குறுகிய கால்வாய் அளவுக்குத்தான் கடல். டெலோஸில் கிரேக்கக் கடவுள் அப்பல்லோ பிறந்ததாக நம்பிக்கை. அதுவரை மிதந்து திரிந்த தீவு, அவர் தாய் லெட்டோ வந்து பிரசவித்த பிறகுதான் ஓரிடத்தில் நின்றதாம். அதனால் புனித மண், தீட்டு ஆகாது. கி.மு. 426-இல் ஏதன்ஸ்காரர்கள் தீவிலிருந்த கல்லறைகள் அத்தனையையும் தோண்டி எடுத்து, இனிமேல் இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நிறைமாதக்காரியையும் சாகக் கிடப்பவரையும் படகில் ஏற்றி இந்த ரினியாவுக்குத்தான் கொண்டுவருவார்கள். அதற்கும் முன்னால் சாமோஸ் தீவின் சர்வாதிகாரி பொலிகிராட்டீஸ் ரினியாவைப் பிடித்து, அதை அப்பல்லோவுக்குக் காணிக்கையாக்குகிறேன் என்று டெலோஸோடு சங்கிலி போட்டுக் கட்டினாராம். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு வந்திருந்த நான், அன்று நங்கூரச் சங்கிலி முறை என்னுடையது என்பதில் கொஞ்சம் கர்வப்பட்டேன். முதல் தடவை பிடிக்கவில்லை. கடல்புல் மேல் விழுந்தால் நங்கூரம் பிடிக்காது, வெளிர் நிறமாகத் தெரியும் மணல் பார்த்துப் போட வேண்டும், ஆழத்தைப் போல நாலைந்து மடங்கு சங்கிலியை விட வேண்டும், பிறகு எஞ்சினைப் பின்னால் இழுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். மூன்றாவது முறை பிடித்தது. என் நண்பன் முகக் கண்ணாடி போட்டுக் குதித்து, முழுக்கப் புதைந்திருக்கிறது என்று கட்டை விரலைக் காட்டினான். கரையில் ஆட்டுமணிச் சத்தம், எதிரே டெலோஸ் கும்மிருட்டு, அதற்கும் பின்னால் மிக்கோனோஸ் தீவு இரவு விடுதிகளின் வெளிச்சம் மேகத்தில். டெலோஸில் இப்போதும் பயணிகள் ராத்திரி தங்க அனுமதி இல்லை.

ஒரு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: சொந்தப் படகிலேயே நேராக டெலோஸில் இறங்கிவிடலாம் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள், கட்டுப்பாடுகள் உண்டு. நாங்கள் மிக்கோனோஸ் போய்ப் படகைக் கட்டிவிட்டு, எல்லோரையும் போல அங்கிருந்து கிளம்பும் பயணிகள் படகில்தான் போனோம். காற்று பலமாக இருந்தால் அந்தப் படகும் ஓடாது. அதனால் டெலோஸுக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்கி வைக்காதீர்கள்.

டெலோஸில் நிழல் கிடையாது. தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சிங்கங்களை எல்லோரும் படம் எடுப்பார்கள், நக்சோஸ் தீவுக்காரர்கள் கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொடுத்த காணிக்கை. வெளியே நிற்பவை நகல்கள், அசல் எல்லாம் மியூசியத்துக்குப் போய்விட்டன. அவற்றுக்கு எதிரே இருந்த புனிதக் குளத்தை மலேரியாவுக்குப் பயந்து 1925-இல் வற்றவைத்துவிட்டார்கள், இப்போது நடுவில் ஒரு பனை வகை மரம் நிற்கிறது. எனக்குப் பிடித்தது வீடுகள். கி.மு. 166-இல் ரோமானியர்கள் இதை வரியில்லாத் துறைமுகமாக்கினார்கள். வியாபாரிகள் எங்கெங்கிருந்தோ வந்து குடியேறினார்கள், அடிமைச் சந்தையும் பெருத்தது. ஒரே நாளில் பத்தாயிரக்கணக்கான அடிமைகளை வாங்கி விற்கும் தெம்பு அந்தத் துறைக்கு இருந்தது என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அந்த அழகான மொசைக் தரைகளுக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கொஞ்சம் வாய் அடைத்துப் போகும். ஒரு வீட்டுத் தரையில் நங்கூரத்தைச் சுற்றிக்கொண்ட டால்ஃபின். முந்தைய நாள் மூன்று முறை நங்கூரம் போட்டவன் என்ற உரிமையில் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கி.மு. 88-இல் ஒரு படையெடுப்பு, 69-இல் கடற்கொள்ளையர்கள், அதோடு ஊர் எழுந்திருக்கவே இல்லை. இன்னொன்று: டெலோஸ் கிரேக்கர்களில் ஒரு பிரிவான அயோனியர்களின் திருவிழாத் தலம். நம் 'யவனர்' என்ற சொல் அந்த அயோனியர் பெயரிலிருந்து வந்ததுதான்.

அப்பல்லோ கோயில் பக்கம் ஒரு பெரிய பளிங்கு உடம்புத் துண்டு கிடக்கும், கைகால் தலை இல்லாமல். நக்சோஸ்காரர்கள் நிறுத்திய சிலை, முழுதாக நின்றபோது சுமார் 9 மீட்டர் இருந்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்கோனோஸிலிருந்து நக்சோஸ் வரை அருமையான ஓட்டம். காற்று பின்னாலிருந்து, மணிக்கு 12, 13 கிலோமீட்டர், எஞ்சினே போடவில்லை. தூரத்திலிருந்து முதலில் தெரிவது பொர்த்தாரா, கட்டி முடிக்காத கோயிலின் வாசல் மட்டும், சுமார் 6 மீட்டர் உயரம். லிக்தமிஸ் என்ற சர்வாதிகாரி கி.மு. 530 வாக்கில் ஆரம்பித்தார், ஆட்சி கவிழ்ந்தது, கதவுச் சட்டம் மட்டும் மிச்சம். துறைமுகத்துக்குள் நுழைந்து கட்டி முடித்த அன்றே மெல்டெமி பிடித்துக்கொண்டது.

மெல்டெமி என்பது கோடையில் ஏஜியனில் அடிக்கும் வடக்குக் காற்று. நம் ஊரில் வாடை என்றால் குளிர்காலம். இது சுள்ளென்று வெயில் காயும்போது, மேகமே இல்லாத வானத்திலிருந்து அடிக்கும் வாடை. ஜூலை, ஆகஸ்டில் உச்சம். எங்களுக்கு ஜூனிலேயே, காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 7. இரண்டு நாள் துறைமுகத்திலேயே கிடந்தோம், ராத்திரி எல்லாம் கயிறுகள் கிறீச் கிறீச் என்று. திரும்பும் வழியில் கேயா தீவில் பாறையில் செதுக்கிய பழைய சிங்கத்தைப் பார்ப்பதாக இருந்தது, அது போச்சு.

ஆனால் கட்டிப்போட்ட காற்றுதான் எங்களை பஸ்ஸில் ஏற்றி வட முனையில் இருக்கும் அப்பொலோனாஸுக்கு அனுப்பியது, இல்லாவிட்டால் போயிருக்கவே மாட்டோம். அங்கே குவாரியில் ஒரு கூரோஸ், அதாவது நின்ற கோலத்து ஆண் சிலை, மல்லாந்து படுத்திருக்கிறது. 10 மீட்டருக்கு மேல் நீளம், தாடி, காது, கால் எல்லாம் உத்தேசமாக வெட்டியிருக்கிறது. கல்லில் விரிசல் விழுந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள் என்கிறார்கள். டெலோஸில் உடைந்து கிடந்ததன் தம்பி, பிறக்காமலே நின்றுபோனவன். அவன் காலடியிலிருந்து சரிவு கீழே கடலுக்கு இறங்குகிறது. அதன் வழியாக இறக்கி, கப்பலில் ஏற்றி, டெலோஸுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். டெலோஸ் வடமேற்கே இருக்கிறது. நாங்கள் பாலியஸ்டர் பாயும் டீசல் எஞ்சினும் வைத்துக்கொண்டு போகப் பயந்து இரண்டு நாள் உட்கார்ந்திருந்த அதே திசை. இந்த ஒரு விஷயம் ஃபெரியில் வந்திருந்தால் எனக்குத் தோன்றியே இருக்காது, இரண்டு மணி நேரத்தில் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கடந்து போயிருப்பேன்.

திரும்பி வந்தது எதிர்க்காற்றில், குறுக்கும் நெடுக்குமாக, பாதி தூரம் எஞ்சினில். பாரோஸில் படகைக் கட்டினோம் என்பதைத் தவிர அந்தத் தீவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, தூங்கிவிட்டேன்.

போவதாக இருந்தால்: ஜூன் முன்பாதி அல்லது செப்டம்பர். ஒரு வாரம் என்றால் டெலோஸ் ஆசையை விட்டுவிட்டு சூனியோ, கேயா, கித்னோஸோடு திரும்புங்கள், தென்கிழக்கே போவது சுலபம், வடமேற்கே திரும்புவதுதான் ஆளைக் கொல்லும். பெட்டி வேண்டாம், மடித்து வைக்கும் துணிப்பை, படகில் பெட்டி வைக்க இடமே கிடையாது. வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயன் இல்லை, ஓடும்போது கீழே சமையலறைக்குப் போகாதீர்கள். ஷெங்கன் விசாவுக்குச் சீக்கிரம் விண்ணப்பியுங்கள். சைக்கிள் ஓட்டும் கையுறை ஒன்று எடுத்துப் போங்கள். அப்புறம் வின்ச் கைப்பிடியில் மிதக்கிற வகையும் இருக்கிறதாம், லாவ்ரியோவில் படகைத் திருப்பிக் கொடுத்து, தொலைத்ததற்குக் காசு கட்டும்போதுதான் சொன்னார்கள்.