இலை நிறம் மாறும் காலத்தில் நண்பர் வீடுகளுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த நண்பர்கள் மூவர் இப்போது அமெரிக்காவில் பாஸ்டன், நியூ ஜெர்சியின் எடிசன், வர்ஜீனியா என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். அக்டோபரில் மூன்று வாரம் போய், மூவரையும் பார்த்து, வழியில் இலை நிறம் மாறுவதையும் பழைய ஊர்களையும் காண ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

வடக்கே பாஸ்டனில் இறங்கித் தெற்கே வாருங்கள். நிறம் மாறுவது வடக்கிலும் உயரமான இடங்களிலும் முதலில் தொடங்கி, மெல்லத் தெற்கே இறங்கி வரும். நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி உச்சம். பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் மாத நடுப்பகுதி. வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா மலைத்தொடரில் நடுப்பகுதிக்குப் பிறகு. கடலோர வில்லியம்ஸ்பர்க்கில் நவம்பர் தொடக்கம் வரை பச்சை மிச்சம் இருக்கும். தெற்கிலிருந்து வடக்கே போனால், நீங்கள் போய்ச் சேரும்போது அங்கே மொட்டைக் கிளைகள்தான் நிற்கும்.

அடுத்தது கிழமைக் கணக்கு. தேதியைவிட இதுதான் முக்கியம். நண்பர்கள் வேலைக்குப் போகிறவர்கள். வார நாளில் போய் நின்றால் இரவு எட்டு மணிக்கு அரை மணி நேரம் பேச்சு, அவ்வளவுதான். வரலாற்று இடங்களிலோ சனி, ஞாயிறுதான் நெரிசல். எனவே வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை நண்பர் வீடு, திங்கள் முதல் வியாழன் வரை சாலையும் கோட்டைகளும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் பிரித்தால், முதல் வாரம் செவ்வாய், புதனில் நியூ ஹாம்ப்ஷயரின் கன்காமகஸ் சாலை. லிங்கனிலிருந்து கான்வே வரை 34 மைலுக்குச் சற்று அதிகம். நடுவில் ஒரு பெட்ரோல் நிலையம்கூடக் கிடையாது, லிங்கனிலேயே நிரப்பிவிடுங்கள். அக்டோபர் இரண்டாம் திங்கள் அரசு விடுமுறை. அதை ஒட்டிய மூன்று நாளும் அந்தச் சாலை ஊர்ந்துதான் நகரும். அந்த நாட்களைப் பாஸ்டன் நண்பர் வீட்டுக்கு ஒதுக்குங்கள். இரண்டாம் வார நாட்களில் பாஸ்டனின் பழைய பகுதிகள், கனெக்டிகட்டின் நியூ ஹேவன். வாரக் கடைசியில் எடிசன். மூன்றாம் வாரம் செவ்வாய் கெட்டிஸ்பர்க் போர்க்களம், புதன், வியாழன் ஷெனாண்டோவா, வெள்ளி மாலை வர்ஜீனியா நண்பர். அதன்பின் திங்களன்று வில்லியம்ஸ்பர்க் பார்த்து, வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் காரை விட்டுவிட்டுப் புறப்படலாம்.

எந்த வாரத்தில் உச்சம் என்பது ஆண்டுக்கு ஆண்டு சில நாள் முன்பின் ஆகும். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் மேப்பிள் சிவப்பு ஆழமாக வரும். பலத்த காற்றோடு ஒரு மழை பெய்தால் இரண்டே நாளில் உதிர்ந்துவிடும். மலைப் பகுதியில் ஓர் இரவைத் தள்ளி வைக்கும்படியாக, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள்.

பாஸ்டனிலிருந்து நியூ ஹேவன் ஏறக்குறைய 140 மைல், அங்கிருந்து எடிசன் 110 மைல். காகிதத்தில் சிறிய தூரம். ஆனால் நியூயார்க்கைச் சுற்றும் பாலங்களில் வெள்ளி மாலை சிக்கினால் இரண்டு மணி நேரம் கூடும். வெள்ளியன்று நியூ ஹேவனை விட்டுக் காலை பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கனெக்டிகட்டில் ஐ-95 நெடுஞ்சாலைக்குப் பதிலாக மெரிட் பார்க்வேயில் வரலாம். 1938 முதல் 1940 வரை கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்ட சாலை. லாரிகளுக்கு அனுமதியில்லை, பாலங்கள் ஒவ்வொன்றும் ஒரு வடிவம், இருபுறமும் மரங்கள். பாலங்கள் தாழ்வானவை என்பதால் கூரையில் பெட்டி கட்டிய உயரமான வேன் என்றால் மட்டும் வேண்டாம்.

அங்குள்ள வரலாற்று இடங்களில் நம் ஊரோடு தொடர்புள்ளவை உண்டா?
– வாசகி, மயிலாப்பூர்

இரண்டு இடங்கள் உங்கள் வழியிலேயே இருக்கின்றன.

நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழகம். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், மதராஸில் பெரும் பொருள் சேர்த்தவர். அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கை விற்று வந்த 562 பவுண்டு கல்லூரிக் கட்டடத்துக்கு உதவியது. 1718-இல் கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில்தான் அவர் திருமணம் நடந்தது. யேல் தன் குடும்பத்தினரோடு இருக்க, கழுத்தில் உலோக வளையம் பூட்டிய அடிமைச் சிறுவன் அருகில் நிற்கும் ஓவியம் அங்குள்ள பிரிட்டிஷ் கலை மையத்தின் சேகரிப்பில் உள்ளது. அந்தச் செல்வத்தின் மறுபக்கத்தை அது காட்டுகிறது. நுழைவு இலவசம், திங்கள் விடுமுறை.

இன்னொன்று வில்லியம்ஸ்பர்க் அருகே உள்ள யார்க்டவுன். அமெரிக்க விடுதலைப் போரில், 1781 அக்டோபர் 19 அன்று பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை வாஷிங்டனிடம் சரணடைந்த களம். உடல்நலமில்லை என்று சொல்லி, தன் துணைத் தளபதி ஓஹாராவை வாளோடு அனுப்பினார் கார்ன்வாலிஸ். அதே மனிதர்தான் பிறகு இங்கே தலைமை ஆளுநராக வந்து 1792-இல் திப்பு சுல்தானைப் பணியவைத்து, அவருடைய இரு மகன்களைப் பிணையாகப் பெற்றார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. கிளம்பும் முன் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். யார்க்டவுனின் மண் அரண்களுக்கு நடுவே நிற்கும்போது இரண்டும் சேர்ந்து விளங்கும்.

யார்க்டவுன், வில்லியம்ஸ்பர்க், ஜேம்ஸ்டவுன் மூன்றையும் 23 மைல் நீளக் கலோனியல் பார்க்வே இணைக்கிறது. ஜேம்ஸ்டவுனில் பலர் ஏமாறுவது ஓரிடத்தில். பெயர்ப் பலகைகள் இரண்டு இருக்கும். 1607-இல் ஆங்கிலேயர் குடியேறிய உண்மையான இடம், அகழாய்வு நடக்கும் இடம், ‘ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்’. மாதிரிக் கப்பல்களும் மாதிரிக் கோட்டையும் உள்ளது ‘ஜேம்ஸ்டவுன் செட்டில்மெண்ட்’. டிக்கெட்டும் தனித்தனி. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் முதலாவதற்குப் போங்கள். பேரக்குழந்தைகள் உடனிருந்தால் இரண்டாவது.

அக்டோபரில் மாசசூசெட்ஸின் சேலம் ஊருக்குப் போகலாமா?
– வாசகர், சேலம்

1692-இல் சூனிய வழக்குகள் நடந்த ஊர் என்பதால் அக்டோபர் முழுக்க அங்கே திருவிழாக் கூட்டம். காரை எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேர ரயில் பயணம். வார நாளின் காலையில் போங்கள்.

வாடகைக் கார் எடுக்கும்போது எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், மதுரை

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இங்கேயே ஆர்.டி.ஓ.வில் வாங்கிக்கொள்ளுங்கள்; ஓராண்டு செல்லும். அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு, ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்கட்டும். மலிவான விலை காட்டும் இணையதளங்களில் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு சேராமல் இருக்கும். சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்கும் கூடுதல் கட்டணம் உண்டு.

பணம் அதிகம் கரைவது டோலில். மாசசூசெட்ஸ் நெடுஞ்சாலையிலும் நியூயார்க் பாலங்களிலும் காசு வாங்கும் கூண்டே இல்லை. கேமரா எண்ணைப் படம் பிடிக்கும். வாடகை நிறுவனங்கள் பலவும் டோலோடு நாள் கட்டணமும் சேர்த்துப் போடும். டோலைத் தானாகக் கழிக்கும் ஈ-இசட்பாஸ் கருவி நண்பரிடம் உபரியாக இருந்தால் வாங்கிக்கொண்டு, வாடகைக் காரின் எண்ணை அவர் கணக்கில் அந்த நாட்களுக்கு மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் நிறுவனம் ஒட்டியிருக்கும் பெட்டியை மூடியே வையுங்கள், திறந்திருந்தால் இரட்டைக் கட்டணம். காரை விட்டதும் எண்ணை நீக்க மறக்க வேண்டாம். மறந்தால் அடுத்தவர் ஓட்டும் டோலும் நண்பர் தலையில் விழும்.

வர்ஜீனியாவில் 85 மைல் வேகத்தைத் தாண்டினால் வெறும் அபராதத்தோடு போகாது, குற்ற வழக்கு.

ஷெனாண்டோவா மலைச்சாலை எப்படி? மாமியாருக்கு வளைவுகளில் தலை சுற்றும்.
– வாசகி, திருச்சி

ஸ்கைலைன் டிரைவ் 105 மைல், வேக வரம்பு 35 மைல். நிறுத்தி நிறுத்திப் போனால் முழுச் சாலைக்கு ஒரு பகல் வேண்டும். அவருக்காக, தார்ன்டன் கேப் வாயிலில் ஏறி ஸ்விஃப்ட் ரன் கேப் வாயிலில் இறங்குங்கள். அந்த 34 மைலிலேயே சாலையின் மிக உயரமான பகுதியும் நல்ல காட்சி முனைகளும் வந்துவிடும். முன் இருக்கை, வெறும் வயிறு வேண்டாம், இட்லி போன்ற லேசான உணவு. பெட்ரோல் 51-ஆவது மைலில் பிக் மெடோஸில் மட்டும். கீழே வெயில் அடித்தாலும் மேலே மூடுபனி இறங்கியிருக்கும். அப்போது ஹை பீம் போடாதீர்கள், ஒளி பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே மறைக்கும். அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று நின்று பாருங்கள்.

குளிர்ந்த காலையில் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால்?
– வாசகர், ஈரோடு

ஆச்சரியக்குறி உள்ள லாட வடிவ விளக்கென்றால் டயர் காற்று. வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் சுமார் ஒரு பவுண்டு இறங்கும். ஓட்டத் தொடங்கும் முன், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். டயரில் பொறித்திருப்பது அதிகபட்ச அளவு. கண்ணாடியில் உறைபனி இருந்தால் சுடுநீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

கெட்டிஸ்பர்க்கை நாமே சுற்றலாமா?
– வாசகர், நாகர்கோவில்

24 மைல் கார்ச் சுற்று, இலவசம். ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலை 1, 2, 3 மூன்று நாள் சண்டையும் அக்கம்பக்கத்து வயல்களில் நடந்ததால் தனியாகப் போனால் குழம்பும். உரிமம் பெற்ற வழிகாட்டி உங்கள் காரிலேயே வருவார். வழக்கமாக அவரே ஓட்டுவார். வாடகைக் கார் என்றால், யார் ஓட்டுவது என்பதைப் பதிவின்போதே பேசிவிடுங்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் காப்பீட்டில் சிக்கல் வரலாம்.

நண்பர்களுக்கு என்ன கொண்டுபோவது?
– வாசகி, தஞ்சாவூர்

பருப்புப்பொடி, வடகம், அப்பளம், முறுக்கு, கைத்தறித் துண்டு. பொடிகளில் பெயர் எழுதி ஒட்டி, விமான நிலையச் சுங்கத்திலும் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை இனத்தை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால் பறிமுதல் செய்வார்கள். பழங்கள், இறைச்சி சேர்ந்த பண்டங்களும் வேண்டாம். விடுதிக் காலப் புகைப்படங்களைப் பெரிதாக அச்செடுத்து, ஆளுக்கொரு பிரதி எடுத்துப் போங்கள்.