இறுக்க இறுக்க ஏன் ஒழுகுகிறது?

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய டிரக் வைத்திருக்கிறேன். கியர் ஆயில் கூலர் லைன் ரேடியேட்டரில் வந்து சேரும் நட்டில் சிவப்பாக எண்ணெய் சொட்டுகிறது. இரண்டு தடவை இறுக்கிவிட்டேன். கழற்றி டெஃப்லான் டேப்பும் சுற்றினேன். இரண்டு நாள் நின்றது, மறுபடி சொட்டுகிறது. ரேடியேட்டரையே மாற்ற வேண்டுமா?

பதில்: ரேடியேட்டரை இப்போதைக்கு விடுங்கள். முதலில் அந்த டேப்பை எடுங்கள்.

உங்கள் லைனில் நட் இருக்கிறது என்பதால் அது பெரும்பாலும் ஃபிளேர் இணைப்பாக இருக்கும். குழாயின் நுனி புனல் மாதிரி விரிந்திருக்கும். எதிரே கூம்பு வடிவில் ஒரு முகம். நட் செய்கிற வேலை, புனலைக் கூம்பின் மேல் அழுத்திப் பிடிப்பது மட்டும்தான். எண்ணெயைத் தடுப்பது அந்த இரண்டு உலோக முகங்கள். மரைக்கு அதில் பங்கே இல்லை. முகத்தைத் தாண்டி வந்துவிட்ட எண்ணெய்க்கு, நட்டுக்கும் குழாய்க்கும் நடுவே இன்னொரு வழியும் இருக்கிறது. அங்கே டேப் எப்படிப் போகும்? அதைவிட மோசம், டேப்பின் துணுக்கு உள்ளே போய் கியர் பாக்ஸின் வால்வுத் துளையில் சிக்கினால் கியர் மாறுவதே கோளாறாகிவிடும்.

சரி, ஒழுகுவது அந்த நட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணெய் ஓரிடத்தில் கசிந்து, குழாய் வழியே இறங்கி, வேறிடத்தில் சொட்டும். அந்தப் பகுதியை பிரேக் கிளீனரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மேலே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள். எஞ்சினைப் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதுதான் ஆள். பல நேரம் நட் நிரபராதியாக இருக்கும்; ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் கிரிம்ப்தான் (நசுக்கிப் பொருத்திய இடம்) கசிந்துகொண்டிருக்கும். அதை இறுக்க முடியாது, லைனை மாற்றுவதுதான் வழி.

நட்தான் என்றால், வண்டி முழுக்க ஆறிய பிறகு, அடியில் ஒரு தட்டு வைத்துக் கழற்றுங்கள். எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று நட்டில், இன்னொன்று ரேடியேட்டர் பக்கத்து ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொள்ள. ஆரம்ப காலத்தில் நான் ஒற்றை ஸ்பேனரில் பலம் காட்டியதில், நட்டோடு குழாயும் ஃபிட்டிங்கும் சேர்ந்து முறுகி, நல்ல ரேடியேட்டர் ஒன்று வீணானது. நட்டுக்குச் சாதாரண ஸ்பேனரைவிட ஃபிளேர் நட் ஸ்பேனர் நல்லது, முனை மழுங்காது.

இப்போது குழாய் நுனியைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல ஃபிளேரில் அறுபடாத பளபளப்பான வளையம் ஒன்று தெரியும். அந்த வளையம் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தாலோ, குறுக்கே கீறலோ வெடிப்போ இருந்தாலோ, எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அளவுக்கு மீறி இறுக்கியதாலேயே அந்த வெடிப்பு வந்திருக்கலாம். குழாயில் நீளம் மிச்சமிருந்தால், பைப் கட்டரால் நுனியை வெட்டி, பிசிறு நீக்கி, புதிதாக 45 டிகிரி டபுள் ஃபிளேர் (நுனியை இரட்டையாக மடித்து விரிப்பது) போடலாம். நட்டை முன்கூட்டியே குழாயில் கோர்த்துவிடுங்கள். நட்டை மறந்து ஃபிளேர் போட்டு முடித்தபின் தலையில் அடித்துக்கொள்ளாத மெக்கானிக் இல்லை! மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே சுற்ற வேண்டும். குழாயை இழுத்துப் பிடித்தால்தான் மரை பிடிக்கிறது என்றால் அது கோணலாக உட்காருகிறது, மறுபடி ஒழுகும். கடைசி இறுக்கத்துக்கு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுதான் கணக்கு.

லைனின் இன்னொரு முனையில் சொருகு வகை இணைப்பு இருந்தால் கதை வேறு. அங்கே கம்பி கிளிப் குழாயைப் பிடிக்கிறது, உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் எண்ணெயைத் தடுக்கிறது. சூட்டில் ஓ-ரிங் விறைத்துவிடும். ஓ-ரிங், கிளிப் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சொருகியதும் 'கிளிக்' என்று கேட்க வேண்டும். அப்புறம் குழாயைப் பின்னால் இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது.

லைனை அறுத்து, கையில் கிடைத்த ரப்பர் ஹோஸைச் செருகி கிளாம்ப் போடும் யோசனை வேண்டாம். வழவழப்பான குழாயிலிருந்து ஹோஸ் நழுவினால் கொஞ்ச நேரத்தில் மொத்த எண்ணெயும் தரையில் இருக்கும். சூடான எக்ஸாஸ்ட் மேல் கொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும்.

வேலை முடிந்ததும், கையேடு சொல்லும் அதே வகை எண்ணெயை ஊற்றி, அது சொல்லும் முறையிலேயே அளவு பாருங்கள். அப்போது எண்ணெயின் நிறத்தையும் கவனியுங்கள். தெளிந்த சிவப்பு என்றால் கவலையில்லை. ரோஸ் மில்க் மாதிரி கலங்கியிருந்தால், பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. அப்படியானால் வண்டியை எடுக்காதீர்கள். ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும், கியர் பாக்ஸையும் மெக்கானிக்கிடம் காட்டியாக வேண்டும்.