சீல் புதுசு, ஒழுக்கு பழசு
முப்பது வருஷமாக பொள்ளாச்சியில் ஜீப் பட்டறை நடத்துபவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: 1998 மாடல் மாருதி ஜிப்சி வைத்திருக்கிறேன். தோப்புக்கும் வீட்டுக்கும் அதில்தான் போய்வருகிறேன். இடது முன் சக்கரத்துக்கு உள்பக்கம், ஆக்ஸில் நுனியில் இருக்கும் இரும்புக் குண்டில் இருந்து கறுப்பாக எண்ணெய் ஒழுகுகிறது. எட்டு மாதத்தில் இரண்டு தடவை சீல் மாற்றியாயிற்று, மறுபடியும் அதே கதை. சீல் மட்டமா, வேறு கோளாறா?
— வாசகர், ஆனைமலை

பதில்: சீலின் மேல் பழி போடுவதற்கு முன்னால், ஒழுகுவதை விரலில் தொட்டுத் தேய்த்து மோந்து பாருங்கள். மை மாதிரி திக்காக ஒட்டினால் அது குண்டுக்குள் இருக்கும் கிரீஸ். விரலில் நிற்காமல் வழுக்கி ஓடி, கந்தக வாடை மூக்கில் ஏறினால் அது கியர் ஆயில். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

ஜிப்சியின் குண்டுக்குள் கியர் ஆயிலுக்கு வேலையே கிடையாது. அது ஆக்ஸிலின் நடுவில் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரம் இருக்கும் ஹவுசிங்கில் இருக்க வேண்டியது. அங்கிருந்து குழாய் வழியாகக் குண்டுக்கு வராமல் தடுக்க உள்ளே ஒரு சின்ன ஆயில் சீல் இருக்கிறது. அது போய்விட்டால் ஆயில் குண்டுக்குள் இறங்கி, கிரீஸைக் கரைத்து, கூழாக்கி வெளியே கொண்டுவந்துவிடும். உங்களுக்கு இரண்டு தடவையும் மாற்றியது வெளியே தெரிகிற வைப்பர் சீலாகத்தான் இருக்கும். அது குண்டின் மேல் படிகிற மண்ணை வழித்துவிடவும், கிரீஸை உள்ளே நிறுத்தவும் செய்யப்பட்டது. தண்ணியாக ஓடும் ஆயிலை அதால் பிடித்து நிறுத்த முடியாது. எத்தனை புதுசு போட்டாலும் ஒழுகும்.

உள் சீல் ஏன் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் வால்பாறை எஸ்டேட் வண்டி ஒன்றுக்கு மூன்று தடவை உள் சீல் மாற்றினேன். மூன்று தடவையும் ஒழுகியது. நாலாவது தடவை என் குருநாதர் வந்து, ஆக்ஸில் மேலே இருந்த ப்ரீதரை விரலால் திருகினார். கடுகளவு அசையவில்லை. செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்து இறுகி, மூடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக்ஸில் ஓடி ஓடிச் சூடானால் உள்ளே காற்று விரியும். அது வெளியேற வழி அந்த ப்ரீதர்தான். அது அடைத்துக்கொண்டால், காற்று சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு சேர்ந்து வெளியே வரும். அன்றைக்கு டீசலில் ஊறவைத்துக் கழுவிப் போட்டோம், ஒழுக்கு நின்றது. அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் என் கை முதலில் ப்ரீதருக்குத்தான் போகும். உங்கள் வண்டியிலும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். காசு செலவில்லாத வேலை.

அப்புறம் கிங்பின், அதாவது ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் எதன்மேல் திரும்புகிறதோ அந்த முளை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை வைத்து, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஓர் ஆளை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் அது வீல் பேரிங். பிரேக் மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கிறது. கிங்பின் ஆடினால், குண்டை மூடியிருக்கும் நக்கிள் அதன் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும், வைப்பர் சீல் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாயைத் திறக்கும். ஸ்டீயரிங் உதறுவதற்கும் பாதி நேரம் இதுவே காரணம்.

கழற்றும்போது மேல் கிங்பின் ஷிம்மையும் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) கீழ் கிங்பின் ஷிம்மையும் கலந்துவிடாதீர்கள். தனித்தனியாகக் கம்பியில் கோத்து வையுங்கள். சீல், ஃபெல்ட், தகடு எந்த வரிசையில் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நக்கிளைக் கழற்றச் சோம்பல்பட்டு, ரப்பர் சீலை அறுத்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுக்காட்டில் நின்றுபோனால் சரி, பட்டறையில் அந்த வேலை வேண்டாம்.

குண்டைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்குகிற இடமெல்லாம் துரு தின்ற குழி. ஒவ்வொரு தடவை ஸ்டீயரிங் திருப்பும்போதும் அந்தக் குழி புது சீலை அரம் போல ராவும். சின்னக் குழிகளை அரால்டைட் வைத்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, எம்ரி பேப்பரில் வழவழப்பாகத் தேய்த்தால் பல வருஷம் ஓடும். ஆழமாகத் தின்றிருந்தால் வேறு குண்டு தேடுவதுதான் வழி.

உள் சீல் போட்டபின், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டை ஏற்றுகிற அந்த அரை நிமிஷம்தான் முழு வேலையையும் காப்பாற்றும், அல்லது கெடுக்கும். ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் பற்கள் சீலின் உதட்டை உரசினால் மெல்லிசாக ஒரு கீறல் விழும். கண்ணுக்கே தெரியாது. நான் பற்களின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, ஷாஃப்ட்டின் எடை சீலின் மேல் இறங்காமல் இரண்டு கையாலும் தாங்கித்தான் உள்ளே விடுவேன். நுழைந்ததும் தாளை உருவிவிடுவேன். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டில் வரி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். லேசான வரி என்றால், சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்தால் உதடு தேயாத இடத்தில் ஓடும்.

குண்டுக்குள் பழைய கூழை முழுவதும் வழித்து, பனியன் வேஸ்ட்டில் துடைத்து எடுத்துவிட்டு, மாலிப்டினம் கலந்த கிரீஸை ஷாஃப்ட்டின் மூட்டுக்குள் விரலால் அழுத்தி ஏற்றுங்கள். மிச்ச இடத்தைத் திணித்து அடைக்க வேண்டாம்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒழுகும் ஆயில் சக்கரத்தின் உள்பக்கம் சிதறி டிஸ்க்குக்குப் போகும். எண்ணெய் குடித்த பேடைக் கழுவி மாட்டக் கூடாது, புதுசுதான் போட வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி எங்கே இழுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கடம்பூர் மலையில் பழைய மஹிந்திரா ஜீப் ஓட்டுகிறேன். பள்ளம் என்று நாங்கள் சொல்லும் காட்டோடைகளில், மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். முன் ஆக்ஸில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறது. வெளியே ஒழுக்கே இல்லையே, தண்ணீர் எப்படிப் போனது?
— வாசகர், சத்தியமங்கலம்

பதில்: மேடேறிச் சூடாக வந்த ஆக்ஸிலைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால், உள்ளே விரிந்திருந்த காற்று சட்டென்று சுருங்கும். அந்த வெற்றிடம் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே உறிஞ்சும். ப்ரீதர் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் அது வழியாக, அடைத்திருந்தால் சீல் வழியாக. வெளியே ஒழுகாத சீல்கூட உள்ளே இழுக்கும்.

ராத்திரி முழுக்க வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் டிரெயின் போல்ட்டைத் திறங்கள். அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். புது 90 கிரேடு கியர் ஆயில் ஊற்றி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதையும் இறக்குங்கள். மறுபடி ஊற்றும்போது ஃபில்லர் ஓட்டையின் விளிம்பு வரை. சிக்கனம் பார்க்க வேண்டாம், கிரவுன் செட் விலையோடு ஒப்பிட்டால் ஆயில் ஒன்றுமே இல்லை. ஹப்பைக் கழற்றி பேரிங் கிரீஸையும் பாருங்கள். வெண்ணெய் மாதிரி வெளுத்திருந்தால் கழுவிப் புதிதாக அடைக்க வேண்டும்.

நிரந்தர வழி: ப்ரீதரைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு நிப்பிள் போட்டு, எண்ணெய் தாங்கும் ஹோஸை இன்ஜின் அறையின் உச்சிக்குக் கொண்டுபோய், நுனி கீழ்நோக்கி இருக்கும்படி கட்டிவிடுங்கள். ஸ்பிரிங் பட்டை மேலும் கீழும் ஆடும்போது இழுபடாத அளவுக்கு ஹோஸ் தொளதொளவென்று இருக்க வேண்டும். பின் ஆக்ஸிலுக்கும் இதையே செய்யுங்கள். அதுவரைக்கும் பள்ளத்துக் கரையில் பத்து நிமிஷம் நிறுத்தி, ஆக்ஸில் ஆறியபிறகு இறங்குங்கள்.

கேள்வி: என் 2021 மஹிந்திரா தார் வண்டியில் முன் சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறது. ரப்பர் பூட்டில் சின்ன வெடிப்பு. அடுத்த சர்வீஸ் வரை தாங்குமா?
— வாசகர், உடுமலை

பதில்: வேண்டாம், இந்த வாரமே பாருங்கள். உங்கள் வண்டியில் குண்டு கிடையாது, அந்த ரப்பர் பூட்தான் ஷாஃப்ட்டின் மூட்டுக்கு ஒரே காவல். இப்போது பூட்டும் கிளிப்பும் கிரீஸும் மாற்றினால் போதும். மண் உள்ளே போய், வளைவில் டக் டக் என்று சத்தம் வந்துவிட்டால் மூட்டோடு மாற்ற வேண்டும்.

கேள்வி: இரண்டு வருஷமாக ஃபோர் வீல் போடவே இல்லை, ஃப்ரீ வீல் ஹப்பும் (முன் சக்கரத்தை ஷாஃப்ட்டோடு இணைக்கும் பூட்டு) திறந்தேதான் இருக்கிறது. அப்படியே விடலாமா?
— வாசகர், காங்கேயம்

பதில்: மாதத்துக்கு ஒரு தடவை ஹப்பை லாக் செய்து பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஹப் திறந்திருந்தால் ஷாஃப்ட் சுற்றாது, சீலின் உதடு ஒரே இடத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். லிவரை ஃபோர் வீலில் போடுவது இட்டேரி மண்தடத்திலோ உழுத காட்டிலோ மட்டும். தார் ரோட்டில் போட்டு வளைத்தால் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும்.